எல்லாம் மாப்பிள்ளை பேரில்

அலுவலகத்தில் எல்லாரும் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளியின் தங்கையைக் கட்டியவன் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். முதலில் முதலாளி மட்டும் கூப்பிட்டார். பிறகு கீழே தராசுக்குத் திருகு பூட்டுகிறவர்கள் கூப்பிட்டார்கள். கடைசியில் தரை துடைக்க வரும் அம்மாவே, காலைத் தூக்குங்க மாப்பிள்ளை என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அது தராசு செய்யும் கம்பெனி. கீழ்த்தளத்தில் தராசின் வயிற்றுக்குள் ஓடும் மென்பொருளை எழுதினார்கள். திரையில் எண்ணைக் காட்டும் பகுதியும் ஃபோனில் ஓடும் ஆப்பும் மாடியில் தயாராயின. கீழ்த்தளம் முதலாளியின் நேரடிப் பார்வையில் இருந்தது. அவர் மாப்பிள்ளைக்கு மச்சான். மாடியை மாப்பிள்ளையிடம் விட்டிருந்தார். கம்பெனியில் மற்ற எல்லாரையும் வா, போ என்று பேசும் மச்சான், தங்கை புருஷன் என்ற மரியாதைக்காக இவனை மட்டும் வாங்க, போங்க என்பார். அதனால் அவர் இவனைத் திட்டினால்கூட விருந்துக்கு அழைப்பது போலத்தான் கேட்கும்.

மாடியில் கோட் எழுதுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் மாப்பிள்ளை. இன்னொருத்தி புதுசு. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் என்பதால் அந்தப் பெயர். அவளுக்குப் பிறகு யாரும் சேரவில்லை. வருடம் முடியப்போகிறது, இன்னும் புதுசுதான். ஒரு வருடம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வது மச்சானின் வழக்கம். அந்த ஒரு வருடம் வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவள் அப்பா ஊரிலிருந்து வாரம் தவறாமல் கூப்பிட்டு, அதுதான் நிரந்தரம் இல்லையே, மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். வேலை கைக்கு வந்தால் அந்த நச்சரிப்பு ஓயும். அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

கோட் எழுதுகிற எந்த இடத்திலும் ஒரு பெட்டகம் இருக்கும். யார், எப்போது, எந்த வரியை, எதற்காக மாற்றினார்கள் என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஏதாவது கெட்டுப்போனால் நேற்றைய நிலைக்குத் திரும்பிக்கொள்ளலாம். கீழ்த்தளத்தில் இருந்த பெட்டகம் எஸ்விஎன். பழையது. ஒரே சர்வர். எல்லாரும் அங்கே போய்த்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது பாஸ்வேர்டு கேட்கும். வாங்கிக்கொண்டதில் பிறகு யாரையும் கை வைக்க விடாது. மச்சானின் சுபாவமும் ஏறக்குறைய அதேதான். மாடியில் இருந்தது கிட். அதில் அவரவர் கணினியிலேயே முழுப் பெட்டகமும் இருக்கும். எழுதலாம், கலைக்கலாம், அடுக்கி மாற்றி வைக்கலாம், திருப்தியானதும் எல்லாரோடும் சேர்க்கலாம்.

மாப்பிள்ளை வேலைக்கு வந்த புதிதில் கம்பெனி முழுவதையும் கிட்டுக்கு மாற்றிவிடலாம் என்று மச்சானிடம் சொல்லிப் பார்த்தான். மச்சான் பிடித்த பிடியில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் இதே பேச்சு. அங்கே இருக்கும் அத்தை, அதாவது மாமியார், இரண்டு பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். கடைசியில் அவன் மனைவிதான் தீர்த்துவைத்தாள். மேலே ஒன்று, கீழே ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும், நடுவில் படி கட்டத் தெரியாதா உங்களுக்கு என்று கேட்டாள். கோட் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணனையும் புருஷனையும் பற்றித் தெரியும்.

அப்படித்தான் பாலம் வந்தது. மாடியில் பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி. அதற்குள் மாப்பிள்ளை எழுதிய ஸ்கிரிப்ட், தானாகவே ஓடும் சின்ன நிரல். அது கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை விழித்துக்கொள்ளும். மாடிப் பெட்டகத்தில் புதிதாக வந்ததை எடுத்து, கீழ்ப் பெட்டகத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். கீழே வந்ததை மேலே கொண்டுவரும். இரண்டு பக்கமும் ஒரே வரியில் கை வைத்திருந்தால் மட்டும் நின்றுவிடும். அப்போது மாப்பிள்ளை உட்கார்ந்து சிக்கெடுப்பான். கீழே இருப்பவர்கள் அடிக்கடி அதே வரியில் கை வைத்தார்கள். போகப் போக மாப்பிள்ளைக்குச் சிக்கெடுப்பதே முழுநேர வேலையாகிவிட்டது. கோட் எழுதுவதெல்லாம் புதுசு தலையில் விழுந்தது. அவளும் சந்தோஷமாக எழுதித் தள்ளினாள்.

பாலம் கட்டிய அன்று கீழ்ப் பெட்டகம் வழக்கம்போல் பாஸ்வேர்டு கேட்டது. மாப்பிள்ளை தன்னுடையதைக் கொடுத்தான். வேறு யாருடையதைக் கொடுப்பது. அது ஒரு விஷயமாகவே அப்போது தோன்றவில்லை.

அந்த வருடம் கம்பெனி குழந்தைத் தராசு ஒன்று செய்தது. ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைகளை எடை போடுவது. குழந்தையை எடை போடுவதில் ஒரு கஷ்டம் உண்டு. அது சும்மா கிடக்காது. கையைக் காலை உதறும். உதறும்போதெல்லாம் திரையில் எண் தாவும். நர்ஸ் எந்த எண்ணை எழுதுவது என்று தெரியாமல் விழிப்பார். மற்ற கம்பெனித் தராசுகளில் அப்படித்தான். இவர்கள் தராசில் எண் சமர்த்தாக ஓர் இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, நிறைய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை.

புதுசின் வருடம் முடிகிறதே என்று மச்சான் அப்போதுதான் கீழ்ப் பெட்டகத்தைத் திறந்து, மாடியிலிருந்து யார் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தார். வருடம் முழுக்க அவர் அதைத் திறந்து பார்த்ததில்லை. பக்கம் பக்கமாகத் தங்கை புருஷன் பெயர். எண்ணை நிலைநிறுத்தியது மாப்பிள்ளை. ஆப்பில் குழந்தையின் வளர்ச்சியைக் கோடாக வரைந்தது மாப்பிள்ளை. பேட்டரி தீரும்போது எச்சரிப்பதும் மாப்பிள்ளை. புதுசு பெயர் ஓர் இடத்திலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அதை அவிழ்த்துவிட்டார். தங்கையைக் கொடுக்கும்போது தனக்குக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது என்று ஆரம்பித்தார். இது மாப்பிள்ளைக்குப் புதிய செய்தி. ஆனால் இந்த ஒரு வருடத்தில் மாப்பிள்ளை செய்திருப்பதைப் பார்த்தால் தனி ஆளாக ஒரு கம்பெனியையே நடத்தலாம் என்றார். அத்தை பாத்திரத்தில் மிச்சமிருந்ததை முழுக்க மாப்பிள்ளை தட்டில் கவிழ்த்தார். மனைவி மடியில் கைக்குழந்தையான பாப்பாவை வைத்துக்கொண்டு ஒரு புருவத்தை மட்டும் தூக்கி அவனைப் பார்த்தாள்.

உண்மையைச் சொன்னால், ஒரு வாய் சாப்பிடுகிற நேரம் அவனுக்கு அது இனித்தது. மச்சான் வாயால் புகழ்ச்சி வந்து அவன் கேட்டதில்லை. விழுங்கி முடித்த பிறகுதான், இதெல்லாம் நான் எங்கே எழுதினேன் என்று உறைத்தது. அதற்குள் மச்சான் அடுத்ததற்குப் போய்விட்டார்.

"அந்தப் பொண்ணு பேரு எங்கயுமே இல்ல மாப்ள. வருஷம் பூரா சும்மா உக்காந்து சம்பளம் வாங்கியிருக்கு. வெள்ளிக்கிழமையோட அனுப்பிடலாம்னு இருக்கேன்."

மாப்பிள்ளை தட்டிலிருந்து கையை எடுத்தான். அதையெல்லாம் எழுதியது அவள்தான் மச்சான், நான் இல்லை என்று சொன்னான். மச்சான் சிரித்தார். அத்தையைப் பார்த்து, பார்த்தீர்களா அம்மா, இந்த அடக்கம் யாருக்கு வரும் என்றார். இவன் இன்னும் அழுத்திச் சொன்னான். அடக்கம் இன்னும் கூடிவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். ஃபோனை எடுத்து மாடிப் பெட்டகத்தைத் திறந்து காட்டினான். அங்கே வரிக்கு வரி புதுசின் பெயர்தான்.

மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கழற்றிவிட்டார்.

"இதுல யாரு பேர வேணாலும் போட்டுக்கலாமே. நீங்கதான என் பேர்ல ஒண்ணு போட்டுக் காட்டினீங்க."

காட்டியிருந்தான். கிட் எவ்வளவு சௌகரியம் என்று விளக்கப் போய், விளையாட்டுக்கு மச்சான் பெயரிலேயே ஒரு மாற்றத்தைப் போட்டுக் காட்டினான். அன்றைக்கு மச்சான் ரசிக்கவில்லை. ஆனால் மறக்கவில்லை. கீழே இருப்பது பாஸ்வேர்டு கேட்டு வாங்கிய பெயர், அது பொய் சொல்லாது என்றார். பாவப்பட்ட பெண்ணுக்காகத் தன் உழைப்பை விட்டுக்கொடுக்க நினைக்கிறீர்கள், நல்ல மனசு, ஆனால் கம்பெனி நடத்த மனசு மட்டும் போதாது என்றும் சொன்னார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் மாடிக்குப் போனதும் மாப்பிள்ளை முதலில் பாலத்தின் ஸ்கிரிப்டைத் திறந்தான். பாஸ்வேர்டு வரியைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். பாலத்தைத் தாண்டிப் போனதெல்லாம் அவன் பெயரைச் சொல்லித்தான் கீழே நுழைந்திருக்கிறது. எழுதியவர் பெயர் மாடியோடு நின்றுவிட்டது. நம்ப வேண்டிய பெட்டகம் தப்பாகச் சொல்கிறது. நம்பக்கூடாத பெட்டகம் சரியாகச் சொல்கிறது. ஒரு கணம் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

புதுசிடம் மறைத்துப் பயனில்லை. கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் முழுதாகக் கேட்டாள். பக்கத்து மேசையில் பட்டன்களுக்குப் படம் வரைகிற ஆள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"அப்ப நான் பண்ண தப்பெல்லாமும் உங்க பேர்லதான் இருக்கா மாப்பிள்ளை சார்?"

"ஆமா."

"அது மட்டும் அப்படியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா கூப்பிடுவார் என்றாள். என்ன சொல்வது என்று அவனைக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, தனக்குள்தான் கேட்டுக்கொண்டாள்.

நீயே கீழே போய்ச் சொல்லிப் பார் என்றான். அவள் மாட்டேன் என்றாள். வேலை போகிற நேரத்தில் போய், இதெல்லாம் என்னுடையது என்று சொன்னால் எப்படி இருக்கும், யாராக இருந்தாலும் அப்படித்தானே சொல்வார்கள் என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அவனே போய்க் கீழ்ப் பெட்டகத்தில் அவளுக்கு ஒரு கணக்கு திறந்து கொடுங்கள் என்று மச்சானிடம் கேட்டான். வெள்ளிக்கிழமை போகிறவளுக்குத் திங்கட்கிழமை எதற்குக் கணக்கு என்று மச்சான் கேட்டார். மறுபடியும் அந்த நல்ல மனசுப் பேச்சு. அவன் மேலே வந்துவிட்டான்.

ஒருவன் ஒன்றைச் செய்தான் என்று காட்டலாம். செய்யவில்லை என்று எப்படிக் காட்டுவது. அன்று முழுக்க இதே யோசனையாக இருந்தான். பாலம் இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் சிக்கெடுத்தான். சிக்கெடுக்கும்போது புதுசு எழுதிய ஒரு கோப்பு கண்ணில் பட்டது. எண்ணை நிலைநிறுத்தும் கோப்பு. முதல் தடவையாக அதை மேலிருந்து கீழ்வரை படித்தான். பாதிக்கு மேல் புரியவில்லை. மறுபடியும் படித்தான். அப்போதும் புரியவில்லை. அவனுக்கு மெல்ல மெல்ல முகம் மலர்ந்தது.

அடுத்த நாள் காலையில் மச்சானைச் சோதனை மேசையில் பிடித்தான். நீளமான மேசை. மேலே குழந்தைத் தராசு ஒன்று மூடி இல்லாமல் வயர் தெரியக் கிடந்தது. மச்சான் காதில் பென்சில் செருகிக்கொண்டு அதற்குள் குனிந்திருந்தார்.

"என் பேர்ல இருக்கறதுல எந்த வரியை வேணும்னாலும் கேளுங்க மச்சான். நான் பதில் சொல்லிட்டா அந்தப் பொண்ண அனுப்பிடுங்க."

இது என்ன புது விளையாட்டு என்று மச்சான் கேட்டார். ஆனாலும் கணினிப் பக்கம் திரும்பினார். அவரும் அந்தக் காலத்தில் ராத்திரி பகலாகக் கோட் எழுதியவர். பிறர் எழுதியதைப் படிப்பதில் அவருக்கு ருசி உண்டு. எண்ணை நிலைநிறுத்தும் கோப்பைத்தான் திறந்தார். அதில்தான் ஆஸ்பத்திரிக்காரர்கள் மயங்கினார்கள்.

முதல் கேள்விக்கு மாப்பிள்ளை தெரியாது என்றான். மச்சான் சிரித்தார். இரண்டாவதற்கும் தெரியாது. மச்சான் சிரிப்பதை நிறுத்தினார். அவசரத்தில் எழுதியிருப்பீர்கள், மறந்திருக்கும் என்று அவரே எடுத்துக்கொடுத்தார். கோப்பின் நடுவில் ஓரிடத்தில் மூச்சு என்று ஒரு பெயர் இருந்தது. தராசு மூச்சுக்காகக் காத்திருப்பதாகவும், மூச்சு வந்த பிறகுதான் எண்ணைக் காட்டுவதாகவும் கோட் சொன்னது. மச்சான் அந்த வரிமேல் விரலை வைத்தார்.

"இங்க எதுக்கு மூச்சு?"

மாப்பிள்ளை திரையைப் பார்த்தான். எழுதிவிட்டு மறந்தவன் என்றால் நெற்றியைச் சொறிவான், ஒரு ஊகமாவது சொல்வான், அப்போது இருந்த நிலைமை அப்படி என்பான். இவன் வேறு யாருடைய வீட்டு வாசலிலோ நிற்பவனைப் போல் நின்றான்.

"தெரியாது மச்சான். சத்தியமா தெரியாது."

"நடிக்கிறீங்களா?"

"எனக்கு நடிக்கத் தெரியுமா?"

மச்சான் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கல்யாணம் ஆன புதிதில் சீட்டாட்டத்தில் இவனை ஒவ்வொரு தடவையும் தோற்கடித்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். நல்ல சீட்டு வந்தால் இவன் முகமே சொல்லிவிடும். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். மேலே போன் போட்டு, புதுசைக் கீழே வரச் சொல்லு என்றார்.

அவள் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை என்பது முன்னாலேயே வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. மச்சான் நேராகத் திரையைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டார். இங்கே எதற்கு மூச்சு.

அவள் பையைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"குழந்தை அழுதுகிட்டே உதைக்கும் சார். ஆனா எவ்வளவு அழுதாலும் நடுவுல மூச்சு இழுத்துத்தானே ஆகணும். இழுக்கிறப்ப கை கால் எல்லாம் நின்னுடும். அப்ப வர்ற எண்தான் எடை. மத்ததெல்லாம் உதை."

மச்சான் கேட்காமலே அவள் மேலும் சொன்னாள். ஒருநாள் மாப்பிள்ளை சார் பாப்பாவை மாடிக்குக் கொண்டுவந்திருந்தார், தராசில் போட்டதும் பாப்பா வீலென்று கத்தியது, அவர் தூக்கப் போனார், நான்தான் கொஞ்சம் அழ விடுங்கள் என்று தடுத்தேன், எண் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன் என்றாள். மாப்பிள்ளைக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. கல் நெஞ்சக்காரி என்று மனதுக்குள் திட்டியிருந்தான். அப்புறம் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

அந்தக் காத்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்து எண்ணைச் சீக்கிரம் காட்டக் கூடாதா என்று மச்சான் கேட்டார். நர்ஸ்களுக்கு அவசரம் இருக்குமே.

"கூடாது சார். சின்னக் குழந்தை மூச்சு இழுக்க நேரம் எடுத்துக்கும். அதுக்கு முன்னாடி காட்டினா தப்பாப் போகும். மருந்து அந்த எடையப் பாத்துதான் குடுப்பாங்க."

கம்பெனியில் மச்சானிடம் கூடாது என்று நேராகச் சொல்கிறவர்கள் குறைவு. திருகு பூட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மச்சான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு எதையோ மனதில் ஓட்டினார். பிறகு, சரிதான் என்றார். பிறகு இன்னொரு வரியைக் காட்டினார். அவள் அதையும் சொன்னாள். இன்னொன்றைக் காட்டினார். அதில் அவளே, இது அசிங்கமாக எழுதியிருக்கிறேன், மாற்ற வேண்டும் என்றாள். அந்த இடத்தில்தான் மச்சானுக்கு முழு நம்பிக்கை வந்தது என்று மாப்பிள்ளை நினைத்தான். அடுத்தவர் எழுதியதைப் பார்த்து யாரும் அப்படிக் கூச்சப்பட மாட்டார்கள்.

மச்சான் நாற்காலியை முழுதாகத் திருப்பினார்.

"அப்ப வருஷம் பூரா நீங்க என்னதான் பண்ணீங்க மாப்ள?"

"பாலத்தப் பாத்துக்கிட்டேன் மச்சான்."

"பேரத் தப்பாப் போட்ட அந்தப் பாலமா?"

"அதேதான்."

சுற்றி நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாப்பிள்ளைக்குக் காது சூடானது. ஆனால் மனதில் பாரம் இறங்கிவிட்டதால் அவனுக்கே சிரிப்பு வரும்போல் இருந்தது. புதுசுதான் இடையில் புகுந்தாள். கீழேயும் மேலேயும் தினமும் ஒரே இடத்தில் கை வைக்கிறோம், அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துச் சேர்க்காவிட்டால் தராசு ஓர் எடை காட்டும், ஃபோன் ஓர் எடை காட்டும், ஒரு வருடமாக ஒரு வரிகூடத் தொலையவில்லை சார் என்றாள். மச்சான் கீழ்த்தள ஆட்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டே, அது வாஸ்தவம்தான் என்றார்.

மச்சான் கணக்குப் பிள்ளைக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமைக்குத் தயார் செய்யச் சொன்ன கடிதம் வேண்டாம், நிரந்தரம் செய்கிற கடிதத்தைத் தயார் செய் என்றார். போனை வைத்துவிட்டுக் கீழ்ப் பெட்டகத்தில் புதுக் கணக்கு திறக்கும் பக்கத்துக்குப் போனார். பெயர் என்ன போட என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் பழக்க தோஷத்தில் அவர் விரல்களே புதுசு என்று அடித்து, சரி என்ற பட்டனையும் அழுத்திவிட்டன.

"அப்புறம் மாத்திக்கலாமா சார்?"

"இதுல ஒரு தடவை திறந்தா திறந்ததுதான்."

"பரவாயில்ல சார்."

அவள் குனிந்து பையை எடுத்தாள். படியில் ஏறும்போது இரண்டிரண்டு படியாகத் தாவும் சத்தம் கேட்டது.

மிச்சம் இருந்தது பழைய பெயர்கள். இனிமேல் பாலம் சரியான பெயரைக் கொண்டுபோகும். அதை மாப்பிள்ளை மத்தியானத்துக்குள் செய்துவிட்டான். ஆனால் ஒரு வருடத்து வேலை அவன் பெயரிலேயே கீழே கிடந்தது. அதையும் மாற்றித் தாருங்கள் என்று மச்சானிடம் கேட்டான். அதற்கு மச்சான் லேசில் மசியவில்லை. பெட்டகத்தில் ஏறியதில் கை வைப்பது அவருக்கு ஆகாத காரியம். யாரும் கை வைக்க முடியாதபடி அவரே பல வருடங்களுக்கு முன்னால் அந்தக் கதவைத் தாழ் போட்டிருந்தார். இப்போதுதான் விஷயம் தெரிந்துவிட்டதே, இனிமேல் எதற்கு என்றார். தெரிந்தது நமக்கு மட்டும்தான் மச்சான், பெட்டகத்துக்குத் தெரியாதே என்றான் மாப்பிள்ளை. நாளைக்கு வேறு யாராவது திறந்து பார்த்தால் அவள் அந்த வருடம் சும்மா இருந்தாள் என்றுதானே அது சொல்லும்.

சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில் செருப்பைப் போட்ட மச்சான், கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். பெயரை மட்டும்தான், உள்ளே ஒரு எழுத்துக்கூட நகரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத் தாழைத் திறந்தார். மாப்பிள்ளை மாடிப் பெட்டகத்தின் குறிப்புகளையும் கீழ்ப் பெட்டகத்தின் குறிப்புகளையும் ஒன்றோடொன்று பொருத்தி ஸ்கிரிப்ட் தயாராக வைத்திருந்தான். ஓட்டினான். மச்சான் பின்னால் நின்று பார்த்தார். திரையில் அவன் பெயர் ஒவ்வொன்றாக மறைந்து அந்த இடத்தில் புதுசு வந்தது. பேட்டரி எச்சரிக்கை போயிற்று. வளர்ச்சிக் கோடு போயிற்று. மூச்சு போயிற்று. அவள் செய்த தப்புகளும் கூடவே போயின. அதை மட்டும் நிறுத்திவைக்க வழி இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளை பெயரில் கொஞ்சம்தான் மிஞ்சியது. மச்சான் அந்தக் குறிப்புகளை வரிசையாக வாய்விட்டுப் படித்தார். பாலம் சரிசெய்தது. மறுபடியும் பாலம். கீழே மாற்றியதும் மேலே மாற்றியதும் மோதிக்கொண்டன, பிரித்துவிட்டேன். பாலம், இதுதான் கடைசி. பாலம். படிக்கப் படிக்க அவர் மீசை துடித்தது. தாழைத் திரும்பப் போட்டுவிட்டு, நாளைக்கு மாடிக்கு வருகிறேன், அந்தப் பாலத்தை ஒருமுறை முழுசாக விளக்குங்கள் என்றார். மாடிப் படி ஏறுவது முழங்காலுக்கு ஆகாது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

வீட்டுக்குப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மனைவி பால்கனியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். பாப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. அவன் கூட நின்று துணியை வாங்கிக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னான். அவள் ஆச்சரியப்படவில்லை. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை புகழ ஆரம்பித்தபோதே தனக்குத் தெரியும் என்றாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் மாப்பிள்ளை அத்தனை வேலை செய்திருக்கிறார் என்று அண்ணன் சொன்னாராம். அந்தச் சாயங்காலம் இவன் பாப்பாவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு வாயைப் பிளந்து தூங்கியதை அவள்தானே பார்த்தாள்.

அப்படியென்றால் அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டான். அந்தப் பெண்ணின் வேலை அதில் மாட்டியிருக்கிறது என்று அண்ணன் சொல்கிறவரைக்கும், இரண்டு பேரும் சண்டை போடாமல் சாப்பிடுகிறார்களே, கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாளாம். அதற்குப் பிறகு அவனே சொல்ல ஆரம்பித்துவிட்டானே, நடுவில் தான் எதற்கு என்றும் நினைத்தாளாம். அம்மாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தமாக இருக்கும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது தடவை பரிமாறுவாளா என்று தெரியவில்லை என்றாள்.

ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை அவன் கையில் கொடுத்துவிட்டு மற்ற முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"அண்ணன் இப்பதான் போன் பண்ணாரு. உன் புருஷன் நல்ல மனுஷன், ஆனா கோட் எழுத வரலன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"ரெண்டுல ஒண்ணு போதும்னேன்."

அவள் விரிப்பை உதறினாள். அவனும் உதறினான். முனையோடு முனை சேர்க்க இரண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள்.